சிவப்புத் துணியும் பத்து மணி வண்டியும்

எங்கள் குடும்பத்தில் ஓடுகிற ரயிலை நிறுத்தியவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வேண்டுமென்று நிறுத்தவில்லை என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் நம்புவதில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியில் ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. கிள்ளானில் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, எதிரே, நீலக் கதவு போட்ட ஒரு சின்னத் துணிக்கடை அப்பாவுடையது. முன்னால் கடை, பின்னால் வீடு. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சம்பளம் வாங்கிய கையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் வருவார்கள். கைலி, வேட்டி, சீட்டித்துணி, ரவிக்கைத் துண்டு என்று வாங்கிப் போவார்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் நடக்கும் வியாபாரம்தான் எங்களுக்கு மீதி வருஷத்துச் சோறு.

கடையின் முன்பக்கம் அப்பா உட்கார்ந்திருப்பார். உள்ளே, பெண்கள் துணி பார்க்கும் இடம் அத்தையின் ராஜ்ஜியம். அத்தை அப்பாவின் தங்கை. ஊரில் பதினாறு வயதில் தாலி கட்டிக்கொண்டு, பதினேழு முடிவதற்குள் அதை இழந்தவள். அப்பா கப்பலேறிப் போய் அவளைத் தன்னோடு அழைத்து வந்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிய வந்தவை. அப்போது நான் அறிந்த அத்தை, முழங்கையால் அளந்து கிழித்தாலும் ஒரு விரற்கடை தப்பாதவள். தான் மட்டும் எப்போதும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எந்த நிறம் பொருந்தும் என்று அடித்துச் சொல்பவள்.

"இந்தப் பச்சை உனக்கு வேணாம் தாயி. அந்த ஊதாவ எடு. கட்டிட்டு வந்து சொல்லு" என்பாள். அவர்கள் ஊதாவையே எடுப்பார்கள். அடுத்த மாதம் அந்த ஊதாவையே கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

துறைமுகத்துக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவது என் மாமாவின் வேலை. அவர் அம்மாவின் தம்பி. மலிவு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விடும். அந்த வருஷம் தீபாவளிச் சரக்குக்கென்று அப்பா சேர்த்து வைத்திருந்த மொத்தப் பணத்தையும் அவரிடம் கொடுத்து, சேலையில் இத்தனை, கைலியில் இத்தனை என்று மனப்பாடமாக ஒப்பிக்க வைத்து, போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு அனுப்பினார். இப்போது போர்ட் கிள்ளான் என்கிறார்களே, அதே துறைமுகம்தான்.

சாயங்காலம் மாமா மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். வண்டியில் நாலு பெரிய மூட்டைகள். நாலிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா வாசலுக்கு வந்து பார்த்தார். "என்னடா இது, மூட்டை அழுவுது?"

"சரக்குப் படகு சாஞ்சிருச்சு மச்சான். கடல் தண்ணி பட்டுருச்சுன்னு குடோன் வாசல்லயே ஏலம் விட்டுட்டான். கால் வெல! விடுவேனா நானு?"

"உள்ள என்ன இருக்கு?"

"சிவப்பு."

"சிவப்புல என்ன? சேலையா, கைலியா?"

"சிவப்புதான் மச்சான். வெறும் துணி. நாலு மூட்டையும் சிவப்பு."

அப்பா அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். மாமா தன் கெட்டிக்காரத்தனத்துக்குப் பாராட்டு வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, வண்டிக்காரனோடு சேர்ந்து தானே மூட்டைகளை இறக்கினார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த அம்மா, தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவள் திட்டியிருந்தாலே தேவலை.

அத்தைதான் முதல் மூட்டையின் கட்டை அறுத்தாள். உள்ளே மடிப்பு மடிப்பாக, ரத்தச் சிவப்பில், கனமான பருத்தித் துணி. உப்பு வாடை குப்பென்று அடித்தது. அவள் ஒரு மடிப்பைப் பிரித்துக் கையில் கசக்கினாள். வழிந்த தண்ணீரைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்றைச் செய்தாள். தன் வெள்ளைச் சேலையின் முந்தானையால் அந்த ஈரச் சிவப்பை அழுத்தித் தேய்த்தாள், பாத்திரம் விளக்குகிற மாதிரி. முந்தானையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு புள்ளிச் சிவப்பு கூட ஒட்டவில்லை.

"சாயம் நிக்குது அண்ணே. கெட்டிச் சாயம். கடல்ல முங்கியும் போவல பாரு."

"ஈரத்த யாரு வாங்குவா?" என்றார் அப்பா.

"நல்ல தண்ணியில அலசி உப்ப எடுத்துட்டு, வெயில்ல போட்டா புதுசுதான். ஆனா சீக்கிரம் காயணும். பூஞ்சணம் பூத்துட்டா அவ்வளவுதான்."

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்குத் திருவிழா. கொல்லைக் கிணற்றில் மாமா தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. பெரிய மரத்தொட்டியில் துணியைப் போட்டு என்னை உள்ளே இறக்கிவிட்டார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் சிவப்புக்குள் குதித்துக் குதித்து மிதித்தேன். உப்புப் போக மூன்று தண்ணீர் அலச வேண்டியிருந்தது. அத்தை அலசிய தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்து, "இன்னொரு தண்ணி" என்பாள். மாமா முனகிக்கொண்டே மறுபடி கயிற்றைப் பிடிப்பார்.

அலசி முடித்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. பிழிந்த துணியைக் கடைக்குள், வீட்டுக்குள், அடுப்படியில், கட்டில் மேல் என்று எங்கெல்லாமோ தொங்கவிட்டோம். சிவப்புக்கு நடுவில் சாப்பிட்டோம், சிவப்புக்கு அடியில் தூங்கினோம். ஒரு மூலையில் வாடை மாறத் தொடங்கியபோது அப்பா துணியை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாம் நாள் காலை வெயில் வந்தது. சும்மா இல்லை, கண்ணைக் கூச வைக்கிற வெயில். ஆனால் ஒவ்வொரு பீஸும் நாற்பது கெஜம். எங்கள் கொல்லையில் நாலு கெஜத்துக்கு மேல் கொடி கட்ட இடம் கிடையாது. மாமாவுக்கு யோசனை வந்தது.

"ரயில் ரோட்டுப் பக்கம் பாடாங் இருக்குல்ல, நீட்டுக்குப் புல்லு! அங்க விரிச்சா ஒரே வெயில்ல காஞ்சிரும்."

"வண்டி வருமே?" என்றார் அப்பா.

"பத்து மணி வண்டி இந்நேரம் போயிருக்கும் மச்சான். அதுக்கப்புறம் மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் கெடையாது. எனக்குத் தெரியாத வண்டியா?"

போனோம். ஊரைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி நீளமாகக் கிடந்த அந்தப் புல்வெளியில் மாட்டு வண்டியை நிறுத்தி, பீஸ் பீஸாகப் பிரித்தோம். ஒரு முனையை அத்தை பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் ஓட வேண்டும். நாற்பது கெஜமும் என் பின்னால் விரிந்துகொண்டே வரும். அந்த ஓட்டத்தின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பச்சைப் புல்லில் சிவப்பு ஆறுகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்தன. அவற்றைப் பாயவிட்டது நான். புல் போதாத இடத்தில் மாமா கம்பு நட்டுத் துணியைக் கட்டினார். கடைசிப் பீஸின் ஒரு முனைக்கு மட்டும் கம்பு இல்லாமல் போய்விட்டது.

"நீ புடிச்சுக்கிட்டு நில்லு கண்ணு. கீழ மண்ணா இருக்கு, துணி படக்கூடாது. என்ன ஆனாலும் புடிய விடாத" என்றாள் அத்தை.

நான் நின்றேன். பிடியை விடாமல்தான் நின்றேன்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. முதலில் துணி லேசாக வயிற்றை உப்பியது. அடுத்த வீச்சில் மறுமுனைக் கட்டு அவிழ்ந்து, நாற்பது கெஜமும் பாம்பு மாதிரி வானத்தில் நெளிந்து, தண்டவாளத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்து வேலிக் கம்பத்தில் சுற்றிக்கொண்டது. நான் இந்தப் பக்கம், கம்பம் அந்தப் பக்கம், நடுவில் தண்டவாளத்துக்குக் குறுக்கே பளபளவென்று சிவப்பு. இழுத்தேன், வரவில்லை. அப்போதுதான் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் தாமதமாக வந்திருக்கிறது. அந்தப் பிரயாணிகளுக்காகக் காத்திருந்து, பத்து மணி வண்டி அன்று பதினொன்றுக்குக் கிளம்பியிருக்கிறது. மாமாவுக்குத் தெரியாத வண்டி அது ஒன்றுதான்.

வளைவில் புகை தெரிந்தது. எஞ்சின் தெரிந்தது. விசில் அலறியது. "விடு! துணிய விடு!" என்று அப்பா கத்திக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. எனக்கு அத்தை சொன்னதுதான் காதில் நின்றது. இரண்டு கையாலும் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சக்கரங்கள் கிறீச்சிட்டன, பொறி பறந்தது. கறுப்பு மலை ஒன்று என்னை நோக்கி வந்து, வந்து, மெதுவாகி, துணிக்கு ஒரு பத்து முழம் முன்னால் பெருமூச்சு விட்டு நின்றது.

அப்பா என்னை வாரித் தூக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு முதுகில் ஓர் அடி வைத்தார். உடனே மறுபடியும் கட்டிக்கொண்டார். அவர் நெஞ்சு, எஞ்சினை விடச் சத்தமாக அடித்துக்கொண்டது.

எல்லாப் பெட்டி ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு குதித்து ஓடி வந்தார். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு, கக்கத்தில் சுருட்டிய கொடிகள், முகமெல்லாம் வேர்வை. நம் ஆள்தான், முப்பது வயது இருக்கலாம்.

"யாரு? யாரு சிவப்பு காட்டுனது?"

"நான்தான்" என்றேன்.

"வண்டிய நிப்பாட்டுனா என்ன ஆகும் தெரியுமா? ரிப்போர்ட் எழுதணும். போலீசு வரும். ஒங்கப்பாவ உள்ள தூக்கிப் போட்டுருவான்!"

அப்பா கை கூப்பினார். மாமா எங்கே என்று பார்த்தேன். மாட்டுக்குப் பின்னால் நின்றார். அத்தைதான் முன்னால் வந்தாள்.

"ஐயா, புள்ள காட்டல. காத்து காட்டுச்சு. எழுதுறதுன்னா காத்து பேர்ல எழுதிக்குங்க."

ஜன்னல்களில் சிரிப்புக் கிளம்பியது. கார்டு நெற்றி வேர்வையைத் துடைத்தார். அத்தையின் கண் அவர் கக்கத்துக்குப் போயிருந்தது.

"அது என்னங்க?"

"எது? இதுவா? சிவப்புக் கொடி."

"சிவப்பா? வெளுத்து ரோசாப்பூ நெறமா இருக்கு. இத ஆட்டுனா டிரைவரு வண்டிய நிப்பாட்ட மாட்டாரு. கல்யாணத்துக்குக் கூப்புடுறாங்கன்னுல்ல நெனப்பாரு!"

மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுவதும் கைதட்டியது. கார்டு தன் கொடியைப் பார்த்தார், எங்கள் துணியைப் பார்த்தார். அத்தை துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ர்ரென்று ஒரு கெஜம் கிழித்து, நாலாக மடித்து நீட்டினாள். கொடுத்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கியவர் விரல் பட்டுவிடாமல் ஒரு மூலையைப் பிடித்து வாங்கிக்கொண்டார்.

ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள் கத்தினாள். "ஏக்கா! எந்தக் கடைத் துணி இது?"

"கிள்ளான் பாசாருக்கு எதுத்தாப்ல, நீலக் கதவு!" என்று அத்தை திருப்பிக் கத்தினாள்.

அவ்வளவுதான், மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. மாட்டுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து, பெட்டி பெட்டியாக ஓடினார். "ரயிலையே நிப்பாட்டுன துணி! கடல்ல முங்கியும் சாயம் போவாத துணி! நீலக் கதவு! நீலக் கதவு!" எஞ்சின் டிரைவர் பொறுமையிழந்து விசிலை இழுத்தார். அப்பா ஓடிப்போய்க் கம்பத்திலிருந்து துணியை அவிழ்த்துத் தண்டவாளத்தை விட்டு இழுத்துக்கொண்டார். கார்டு பச்சைக் கொடியை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. மாமா கூடவே ஓடிக் கத்திக்கொண்டிருந்தார், கடைசிப் பெட்டியும் கடந்து போகும் வரை.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. போலீஸ் வந்து கேட்டால் "காத்துதான்" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று அப்பா என்னைப் பழக்கினார். காக்கி உடுப்பு போட்ட ஒருவர் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தே அவர் இரண்டு முறை கடையைச் சாத்தப் போய்விட்டார். துணி மட்டும் மொடமொடவென்று காய்ந்து, கடை முழுக்க அடுக்கு அடுக்காக உட்கார்ந்து, ஒன்றும் அறியாதது போல ஜொலித்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கதவு இடிபட்டது. அப்பா வேர்த்துப் போய்த் திறந்தார். வெளியே போலீஸ் இல்லை. ரயில் போகிற ஊர்களிலிருந்து ஒரு கூட்டம், தோட்டங்களிலிருந்து இரண்டு மாட்டு வண்டி நிறைய ஜனம்.

"ரயில நிப்பாட்டுன துணி இங்கதானே?"

அப்புறம் நடந்ததை நான் என் ஆயுளில் மறக்க மாட்டேன். துணியை மட்டுமல்ல, பிடித்த பெண்ணையும் பார்க்க வேண்டும் என்றார்கள். மாமா என்னை முக்காலி மேல் ஏற்றி நிறுத்தி, கையில் துணியின் முனையைக் கொடுத்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான், "இப்படித்தான் புடிச்சேன்" என்று காட்டினேன். நாலாவது கூட்டத்துக்குள் எஞ்சின் என் மூக்கை உரசிக்கொண்டு நின்றதாகக் கதை வளர்ந்துவிட்டது. வளர்த்தது நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அத்தை கிழிக்கும் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயவில்லை. சர்ர், சர்ர், சர்ர். அவளுடைய பெருவிரல் கொப்பளித்துவிட, அதில் துணி சுற்றிக்கொண்டு கிழித்தாள். சிரித்துக்கொண்டே கிழித்தாள்.

தீபாவளியன்று கோயிலுக்குப் போனால், ஊரே சிவப்பு. பெண்கள் ரவிக்கை சிவப்பு, பிள்ளைகள் கவுன் சிவப்பு, ஆண்கள் தோள் துண்டு சிவப்பு. குருக்களின் காளை மாட்டுக் கொம்பில் கூட ஒரு சிவப்புத் துண்டு. அப்பா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்து, மாமாவின் தோளில் கை போட்டார். மாமா அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பேசினார்.

தீபாவளி முடிந்த சனிக்கிழமை, கடை வாசலில் பித்தளைப் பொத்தான்கள் மின்னின. கார்டு வந்து நின்றார். அப்பாவின் முகம் வெளிறிப்போயிற்று.

"பயப்படாதீங்க அண்ணே. ரிப்போர்ட் எழுதிட்டேன். தண்டவாளத்துல மாடு நின்னுச்சு, அதான் நிப்பாட்டுனோம்னு எழுதிட்டேன்."

மாமா என்னைப் பார்த்து, "மாடு இங்கதான் நிக்குது" என்றார். எனக்கு ரோஷமாக இருந்தது.

கார்டு உள்பக்கம் பார்த்து, "அரைக் கெஜம் சிவப்பு வேணும். கொடிக்கு" என்றார்.

"அன்னிக்கு ஒரு கெஜம் குடுத்தேனே?" என்றது அத்தையின் குரல்.

"அது... ஒரு ஓரம் கிழிஞ்சிருச்சு."

"எங்க துணி கிழியாதே."

"காத்து அதிகம்" என்றார் கார்டு. "காத்து பேர்ல எழுதிக்குங்க."

அத்தை அளந்து கிழித்தாள். விரற்கடை தப்பாத அத்தை, அன்று ஒரு சாண் கூடுதலாகக் கிழித்துவிட்டாள். நான் சுட்டிக் காட்டியபோது, "வாய மூடு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். ஒரு கொடி எஞ்சின் பொறி பட்டுக் கருகிவிட்டதாம். இன்னொன்றை வேறு வண்டியில் போகிற நண்பர் இரவல் வாங்கிப் போய்விட்டாராம். தை மாதத்தில் சிவப்புத் தீர்ந்ததும் பச்சை கேட்டார். பச்சைக்கும் அதே கதி. ரயில்வேயில் இத்தனை கொடிகள் பாழாவது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, அந்தக் கார்டுக்குக் கொடி நிக்கவே மாட்டேங்குது. நாமளே ஒரு நூறு கொடி மொத்தமா தச்சுக் குடுத்துட்டா என்ன? அவருக்கும் வாரா வாரம் வர்ற வேலை இல்ல."

அப்பாவின் கை தட்டில் நின்றது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது. அத்தை எழுந்து போய்விட்டாள், பாதிச் சோறு அப்படியே இருந்தது. என் வியாபார மூளை எல்லோரையும் வாயடைக்க வைத்துவிட்டது என்று நான் இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிக்கொண்டேன்.

அப்பா அதற்குப் பிறகு சில நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கடையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். கொடிக்கு என்ன விலை சொல்லலாம் என்று யோசிக்கிறார் போலும் என்று நினைத்து நான் தொந்தரவு செய்யவில்லை. ஒரு நாள் அத்தையைக் கூப்பிட்டு, கொல்லையில் நின்று வெகுநேரம் பேசினார். அத்தை அழுதுகொண்டே உள்ளே வந்தாள். விலையில் ஒத்துப்போகவில்லை என்று எனக்குப் புரிந்தது. அம்மா மட்டும் அன்று எனக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தாள், ஏன் என்று சொல்லாமல்.

அடுத்த சனிக்கிழமை, வழக்கமாக வாசலில் நிற்கும் கார்டை அப்பா உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். கார்டு அன்று கோட்டு போட்டு வரவில்லை. வேட்டி கட்டியிருந்தார். கூடவே அவருடைய அம்மா, கையில் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்த ஒரு தட்டு. மாமா எதற்கோ குதித்துக்கொண்டிருந்தார். பெரிய ஆர்டர்தான், சந்தேகமே இல்லை. நான் ஓடிப் போய்க் கெஜக்கோலை எடுத்துக்கொண்டு வந்து கார்டின் முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

"சிவப்புல எத்தன, பச்சையில எத்தன?" என்று கேட்டேன்.

அத்தனை பேரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள், உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையும் ஏன் சேர்ந்து சிரித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கார்டின் அம்மா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள். நான் அதைத் தின்றுகொண்டே, எத்தனை கொடி என்று கடைசி வரை யாரும் பேசாததைப் பார்த்து, இவர்களுக்கெல்லாம் வியாபாரமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.